எந்த உடுப்பில் போனார்கள்

மாசி 24, சனி

விடிய நல்ல பனி. களத்தில் காயப்போட்ட மிளகாய் நமத்துக் கிடந்தது. எட்டு மணிக்கு மேல்தான் கிளறினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

பேத்தி தர்ஷினி: பச்சைச் சுடிதார், வெள்ளை ஷால், ரெட்டைச் சடை. 7.40 பஸ். முதுகுளத்தூர் டியூசன்.

மகன் காளிமுத்து: நீலக்கட்டம் கைலி, மேல் பட்டன் இல்லாத காக்கிச் சட்டை, தலையில் சிவப்புத் துண்டு. தூக்குவாளியில் கஞ்சி. மேற்கே, கரிமூட்டத்துக்கு, விறகைக் கரியாக்கும் வேலை.

இப்படி எழுதிவைப்பது மருமகள் ராக்கு போனதில் இருந்து. காணோம் என்று எழுதிக் கொடுக்கப் போன இடத்தில், என்ன சேலை கட்டியிருந்தாள் என்று கேட்டார்கள். காளி முழித்தான். பதினாறு வருஷம் குடித்தனம் பண்ணியவனுக்குப் பெண்டாட்டி சேலை தெரியலையாம் என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். அதுதான் முதல் குற்றம். எந்த ஊரில் எந்தப் புருசனுக்குத் தெரியும்? நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அரக்குச் சேலை, மஞ்சள் கரை. முந்தியில் இஸ்திரிப்பெட்டி சுட்ட ஓட்டை. ரவிக்கை கறுப்பு, சேலைக்குச் சேராதது. இடது செருப்பு வாரில் ஊக்கு. கையில் துணிக்கடைப் பை. கிழவியை யார் கேட்பார்கள்.

மத்தியானம் கோர்ட்டில் இருந்து ஆள். சம்மன். பங்குனி 5 செவ்வாய், ராமநாதபுரம். ராக்குவைக் கொன்றதாகக் காளி மேல் போட்ட வழக்கில் நான் சாட்சி. அதுவும் அரசுத் தரப்புச் சாட்சி. பெற்றவளையே மகனுக்கு எதிரே கூண்டில் ஏற்றுகிறார்கள்.

"கைநாட்டா பாட்டி?" என்று மையை எடுத்தான். பேனாவை வாங்கி முழுப் பெயரையும் எழுதினேன். அஞ்சாம் வகுப்பு.

மிளகாயை அள்ளி மூடினேன். ஒரே தும்மல்.

மாசி 25, ஞாயிறு

வெயில் உறைப்பு. மிளகாய்க்கு நல்லது. யாரும் வெளியே போகவில்லை.

குழாயடியில் கோட்டைச்சாமி. என் மூத்தார் மகன், பங்காளி.

"என்ன சின்னாத்தா, சம்மன் வந்துருச்சாமே. நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு வாங்க. பேப்பர்ல போட்டாலும் போடுவாக."

"நீ வந்து கட்டிவிடுறியாடா?"

குடம் வைத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வெட்கம் கெட்டவன். என் வீட்டுக்காரர் செத்த அன்று தோள் கொடுக்க வராமல் முதுகுளத்தூரில் படம் பார்த்தவன். வேப்பமரத்து வரப்பை ஒரு முழம் தள்ளி வெட்டியவன். காளி மேல் பெரிய சாட்சி இவன்தான்.

குடத்தை இறக்கி வைத்ததும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒருத்தர் சொன்னதையும் மறக்கவில்லை. எழுதிவைக்கிறேன்.

ரேஷன் கடை மாரி: "பொணம் கெடைச்சாத்தான கேசு நிக்கும். வெவரமானவன்."

வாத்தியார் வீட்டம்மா: "கரிமூட்டம் போடுறவனுக்கு எரிக்கச் சொல்லியா குடுக்கணும்?"

பால்காரி, கார்த்திகையில்: "ஒரு சொட்டு அழுகலயே அவன்."

அதே பால்காரி, தையில், கோயிலில் காளி அழுதபோது: "இப்ப எதுக்கு அழுகுறான்? உள்ள உறுத்துது."

ராக்குவின் அண்ணன், எங்கள் வாசலில் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டு: "என் தங்கச்சியக் கரியாக்கி மூட்டை கட்டி அனுப்பிட்டீகளே!"

அவனை மட்டும் வைய எனக்கு வாய் வரவில்லை. கூடப் பிறந்தவன். மற்றவர்களுக்கு என்ன?

கண்மாயில் ஆள் இறக்கித் தேடினார்கள். இல்லை. கிணற்றில் மோட்டார் போட்டு இறைத்தார்கள். இல்லை. கருவைக் காட்டில் மூன்று மூட்டத்தையும் பிரித்துச் சாம்பலைச் சல்லடையில் சலித்தார்கள். ஒரு எலும்பு. சோதனைக்கு மதுரை வரை போய்வந்தது. ஆட்டு எலும்பு. கரி வெட்டுகிறவர்கள் மத்தியானம் தின்றுபோட்டது. கிடைத்திருந்தால் ஒரு அத்தாட்சி. கிடைக்காதது அதைவிடப் பெரிய அத்தாட்சி. ஒவ்வோர் இடமாக இல்லை இல்லை என்று ஆக ஆக, என் மகன் கெட்டிக்காரக் கொலைகாரன் ஆனான்.

எண்ணெய் தீர்ந்துவிட்டது. தர்ஷினியிடம் சொல்ல வேண்டும்.

மாசி 26, திங்கள்

காற்று. களத்தில் தூசி.

காளி: வெள்ளை வேட்டி, கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. 9 மணி பஸ். ஜாமீனில் விட்டதில் இருந்து திங்கள்தோறும் ஸ்டேசனில் கையெழுத்து.

தர்ஷினி: பள்ளிக்கூட உடுப்பு. வலது சாக்ஸ் ஓட்டை.

வராண்டாவில் ராக்குவின் போன் சார்ஜில். அன்றைக்கு அவள் அதைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போனாள், வீட்டுப்பாடம் வாட்சப்பில் வரும் என்று. போனை விட்டுவிட்டு எந்தப் பொம்பளை போவாள் என்றது போலீஸ். அந்த நம்பருக்குக் காளி இன்று வரை மாதாமாதம் ரீசார்ஜ் போடுகிறான், உள்ளே இருந்தபோது தர்ஷினி போட்டாள். அவள் கூப்பிட்டாலும் கூப்பிடுவாள். அதற்கும் ஒரு பேச்சு: "நடிக்கிறான்."

எட்டு நாள் ஏன் தேடவில்லை என்பது இரண்டாவது குற்றம். அதையும் எழுதிவிடுகிறேன். அன்று காலையில் எனக்கும் அவளுக்கும்தான் சண்டை. என் கல்யாணத்துப் பித்தளைப் பானையைத் தெருவில் வந்தவனிடம் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கியிருந்தாள். நான் பேசினேன். நிறையப் பேசினேன். "எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பினாள். "போடி, போயி அங்கனயே இரு" என்றேன். அண்ணன் ஊர் கடலாடி ஒன்றும் சீமை இல்லை, ஒரு பஸ். கோவித்துக்கொண்டு போனவளைக் கொண்டுவந்து விடுவது பிறந்த வீட்டார் முறை. நாம் போய்க் கூப்பிட்டால் இளக்காரம். நான்தான் சொன்னேன், போன் பண்ணாதேடா என்று. எட்டாம் நாள் அவள் அண்ணன் வந்தான், கார்த்திகைக் கொழுக்கட்டைக்கு வெல்லம் வாங்கிக்கொண்டு. "தங்கச்சி எங்க?" என்றான். எனக்குக் கையில் இருந்த முறம் விழுந்துவிட்டது.

அவள் இங்கே என்று அவர்கள் இருந்திருக்கிறார்கள். நாங்கள் அங்கே என்று இருந்தோம். வீம்பு. எட்டு நாள்.

மாசி 27, செவ்வாய்

வெயில். வக்கீலைப் பார்க்க ராமநாதபுரம், நானும் காளியும். வக்கீல் சின்னப் பையன், மீசை சரியாக வரவில்லை. காளியை வெளியே உட்காரச் சொன்னார்.

"பாட்டி, இந்த வழக்குல பிணம் இல்ல, ரத்தம் இல்ல, பாத்த சாட்சி இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் உறுத்துது. ராமேஸ்வரத்துல நீங்க சொன்ன பேரு."

தெரியும். நான் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தது அதுதான்.

அப்போது ராக்கு போய் எட்டு மாதம். ஆடி அமாவாசை. காளி அவன் அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்க ராமேஸ்வரம். ஒரே தாத்தா என்பதால் கோட்டைச்சாமியும் வந்தான். கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. ஈர வேட்டியோடு காளி உட்கார்ந்தான். நான் பின்னால் நின்று பெயர் எடுத்துக் கொடுக்க. எங்கள் வம்சத்தில் செத்தவர் பெயர் பூராவும் என்னிடம்தான். என் வீட்டுக்காரர் பெயரை நான் சொல்லமாட்டேன், அதைக் காளி சொன்னான். மாமனார், அவர் அப்பா, அதற்கு மேல், மாமியார், நாத்தனார், அம்மையில் போன பிள்ளை, மாடு முட்டிச் செத்த சின்னையா. நிற்காமல் சொன்னேன். அய்யரே அசந்துபோனார். "போதுமா? வேற யாராவது உண்டா?" என்றார்.

"ராக்கு" என்றேன்.

என் வாயில் இருந்துதான் வந்தது. காளி முதுகு அசையவில்லை. கடல் இரைச்சல். கையில் தண்ணீர் இருந்தது. அவன் ஊற்றவில்லை. விரலை மடக்கிக்கொண்டான். எள் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. அதை வேட்டியில் துடைத்தான். பிறகு எழுந்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று வரை.

கோட்டைச்சாமி ஊருக்கு வந்து ஸ்டேசனுக்குப் போனான். உயிரோடு இருக்கிறவளுக்குத் தண்ணி ஊத்துவாகளா, ஆத்தா பேரச் சொல்லுச்சு, மகன் ஊத்தினான் என்று எழுதிக் கொடுத்தான். ஆவணியில் காளியைப் பிடித்தார்கள். தையில்தான் விட்டார்கள். ஐந்து மாதம்.

வக்கீல் சொன்னார்: "உங்களுக்கு மறதி. பேரு மாறிப் போச்சு, எதுவும் ஞாபகம் இல்லன்னு சொல்லிருங்க. ஒரு டாக்டர் சீட்டு வாங்கிக்கலாம். கேசு அங்கனயே ஒடைஞ்சிரும்."

"எனக்கா மறதி?"

"உங்க மகனுக்காக பாட்டி."

பஸ்ஸில் ஜன்னலோரம். தூக்கம் வரவில்லை.

மாசி 29, வியாழன்

மப்பு. மிளகாய் இன்னும் இரண்டு காய்ச்சல் காய வேண்டும்.

தர்ஷினி: பள்ளிக்கூட உடுப்பு. காளி: காக்கிச் சட்டை, பட்டன் தைத்துவிட்டேன். தூக்குவாளி. மேற்கே.

நான்: ஊதாச் சேலை. வக்கீல் குமாஸ்தாவோடு மூளை டாக்டரிடம். எது கேட்டாலும் தெரியாது என்று சொல்லணும் பாட்டி என்று குமாஸ்தா பஸ்ஸெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

"பாட்டி, இன்னைக்கு என்ன தேதி?"

பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"என்ன கிழமை?"

எதிரே சுவரில் நாள்காட்டி. நேற்றுத் தாள் கிழிக்காமல் தொங்கியது. எவ்வளவு நேரம் பொறுப்பது?

"மொதல்ல அந்தத் தாளக் கிழிங்க தம்பி. இன்னிக்கு இருபத்தொம்பது. நீங்க இன்னும் நேத்துலயே நிக்கிறீக."

குமாஸ்தா என் காலை மிதித்தான். டாக்டர் எழுந்து தாளைக் கிழித்தார். பிறகு மூன்று சொல் சொன்னார். ஆப்பிள், மேசை, குதிரை. மனசில் வச்சுக்கோங்க, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பேன் என்றார். பேச்சை மாற்றிப் பேத்தி படிப்பு, மழை தண்ணி எல்லாம் விசாரித்தார். பிறகு கேட்டார். தெரியாது என்று தலையாட்டினேன். குமாஸ்தாவுக்கு முகம் மலர்ந்தது. எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். திரும்பினேன்.

"ஆப்பிள், மேசை, குதிரை."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தம்மாவுக்கு மறதின்னு எழுதினா எனக்குத்தான் வைத்தியம் பாக்கணும்" என்றார்.

குமாஸ்தா பஸ் ஸ்டாண்டு வரை என்னோடு பேசவில்லை. பிறகு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "ஏன் பாட்டி, அந்தக் குதிரைய மட்டுமாவது விட்டிருக்கக் கூடாதா?" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனை நாளாயிற்று.

வீட்டில் காளி கேட்டான்: "டாக்டரு என்ன சொன்னாரு?" "ஒண்ணும் எழுதித் தரல" என்றேன். "சரி விடு" என்றான். திட்டினால் தேவலை.

பங்குனி 2, சனி

பத்து மணிக்கு மழை. சொல்லாமல் வந்தது. காளியும் தர்ஷினியும் தார்ப்பாய் இழுத்து மிளகாயை அள்ளினார்கள். நான் வீட்டுக்குள் சாக்கு விரித்தேன். பாதி நனைந்துவிட்டது. வெளுத்துப்போகும்.

சன்னல் பக்கம் இருவர் பேச்சும் கேட்டது.

"ஏம்பா, அப்பத்தா எதுக்குப்பா அம்மா பேரச் சொல்லுச்சு?"

"வயசாளில்ல பாப்பா. அம்புட்டுப் பேரச் சொன்ன வாயி. ஓட்டத்துல வந்துருச்சு. அப்பத்தாவப் போயி ஒண்ணும் கேட்றாத. சங்கடப்படும்."

"பள்ளிக்கூடத்துல என்னையத்தான் கேக்குறாளுக."

"பரீச்சைய எழுது. எழுதிட்டு வேற ஊருல படிக்கலாம்."

சாக்கைப் பிடித்தபடி நின்றேன்.

என் மகன் ஐந்து மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்து, என்னைக் காப்பாற்றிப் பேசுகிறான். வாய் தவறியதாம். எனக்கா வாய் தவறும்? மூன்று தலைமுறைப் பெயரில் ஒரு எழுத்துப் பிசகாத வாய். இங்கே எழுதுகிறேன், வேறு எங்கே எழுத. தவறவில்லை. அவள் செத்துவிட்டாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். எப்படிச் செத்தாள் என்றும் நினைத்து வைத்திருந்தேன்.

ராக்கு போன அன்று மத்தியானம் காளி மூட்டத்தில் இருந்து வந்து கை கழுவினான். தொட்டி ஓரம் குத்த வைத்து, சோப்புப் போட்டு, நகத்துக்குள் குச்சி விட்டு, ரொம்ப நேரம். அவ்வளவுதான். கரி வேலை பார்க்கிறவன் தினமும் அப்படித்தான் கழுவுவான். இருபது வருஷமாகப் பார்க்கிறேன். ஆனால் அது எனக்கு அன்று ஞாபகத்தில் நிற்கவில்லை. நாலு மாதம் கழித்து, மாரியும் பால்காரியும் வாத்தியார் வீட்டம்மாவும் பேசிப் பேசி முடித்த பிறகுதான் ஒருநாள் சோறு வடிக்கும்போது வந்தது. அன்னைக்குக் கையை ஏன் அவ்வளவு நேரம் கழுவினான். வந்தது போகவில்லை. அவனுக்குச் சோறு போடும்போதெல்லாம் கையைத்தான் பார்ப்பேன்.

என் ஞாபகத்தை நம்பித்தான் இத்தனை வருஷம் எல்லாரையும் வைதேன்.

ராக்கு உயிரோடு இருந்தால் எங்கேயோ உட்கார்ந்து வடை தின்கிறாள். செத்திருந்தால் என் பித்தளைப் பானையால் செத்தாள். எதுவென்று சொல்லிவிட்டாவது போயிருக்கக்கூடாதா சண்டாளி.

பங்குனி 5, செவ்வாய்

காலையில் மூடுபனி. பிறகு சுள்ளென்று வெயில்.

தர்ஷினி: பள்ளிக்கூட உடுப்பு. என் காலைத் தொட்டுவிட்டுப் போனாள்.

காளி: வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நான்: அதே ஊதாச் சேலை.

கோர்ட்டில் காத்திருந்தது மூன்று மணி நேரம். பெஞ்சு இல்லை. ராக்குவின் அண்ணன் எதிரே சுவரில் சாய்ந்து நின்றான். என்னைப் பார்த்ததும் இடம் விடுவதுபோல் நகர்ந்தான். பழைய பழக்கம். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கூண்டில் ஏறக் கைபிடித்துவிட்டார்கள். வக்கீல் வாசலிலேயே சொல்லியிருந்தார், சீட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஞாபகம் இல்லை என்ற ஒரே வார்த்தை போதும்.

அரசு வக்கீல் கண்ணாடி போட்டவர். மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போனீங்களாம்மா?"

"போனோம்யா."

"அங்க அய்யர்கிட்ட உங்க மருமக பேரைச் சொன்னீங்களா?"

நம்ம வக்கீல் என்னையே பார்த்தார். காளி தரையைப் பார்த்தான்.

"சொன்னேன்."

"மருமக இறந்துட்டாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சாமி."

"தெரியாமயா இறந்தவங்க பட்டியல்ல சொன்னீங்க?"

"எட்டு மாசமா ஊரு சொன்னதத்தான் சொன்னேன். ரேசன் கடையில சொன்னாக. கொழாயடியில சொன்னாக. இந்தா நிக்கிறாகளே இன்ஸ்பெக்டரய்யா, இவுகளே எங்க வாசல்ல நின்னு, எங்கடி பொதைச்சீகன்னு கேட்டாக. அம்புட்டுப் பேரும் என் காதுல ஊத்துனீக. அது என் வாயி வழியா வந்துச்சு. இப்ப அதையே புடிச்சுக்கிட்டு, ஆத்தாளே சொல்லிட்டா பாருன்னு சாட்சிங்கிறீக. நீங்க சொன்னத நான் சொன்னேன், நான் சொன்னத நீங்க சொல்றீக. இதுல ராக்குவப் பாத்தவுக யாரு?"

யாரோ பின்னால் இருமினார்கள். ஜட்ஜ் அய்யா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அரசு வக்கீல் விடவில்லை. "அப்ப உங்க மகன் செஞ்சிருப்பார்னு நீங்களும் நம்புனீங்க."

இல்லை என்றால் முடிந்தது. தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள். குடித்தேன்.

"நம்புனேன்."

"எதனால?"

"கையக் கழுவுனான்."

சிரித்தார்கள். ஜட்ஜ் அய்யா சிரிக்கவில்லை.

"என்னைக்கு?"

"ராக்கு போன அன்னைக்கு. அவன் தெனமும் கழுவுறவன்தான்யா. அன்னைக்கு மட்டுந்தான் எனக்குத் தப்பாத் தெரிஞ்சுச்சு. அதுவும் நாலு மாசங் கழிச்சு."

பிறகு நம்ம வக்கீல் எழுந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. ஒரே கேள்வி கேட்டார், காளி தண்ணி ஊற்றினானா என்று.

"ஊத்தல. வெரல மடக்கிட்டான். எள்ளு உள்ளங்கையில ஒட்டியிருந்துச்சு, வேட்டியில தொடச்சான். எடப்பக்கம், முழங்காலுக்கு மேல."

"ஊத்தினார்னு கோட்டைச்சாமி சொல்லியிருக்காரே?"

"அவன் எனக்குப் பக்கத்துல நின்னு செல்போன்ல கடலப் படம் புடிச்சிக்கிட்டு இருந்தான். மூணு படம். மூணாவதுல வெரலு மறைச்சிருச்சுன்னு மறுபடி எடுத்தான்."

இறங்கச் சொன்னார்கள். வெளியே வந்ததும் வக்கீல் என்ன சொல்வார் என்று நின்றேன். "கடைசியில சொன்னது வைரம் பாட்டி. அதுக்கு முன்னாடி சொன்னதுதான் என்ன பண்ணும்னு தெரியல" என்றார். தீர்ப்பு சித்திரைக்கு மேல்.

கோட்டைச்சாமி என்னைக் கடந்து போனான். சின்னாத்தா என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் காளி எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, பின்னால் போய் நின்றுகொண்டு வந்தான். இடம் காலியான பிறகும் உட்காரவில்லை.

பங்குனி 6, புதன்

பனி இல்லை. காலையிலேயே வெக்கை.

தர்ஷினி: பள்ளிக்கூட உடுப்பு, புது சாக்ஸ். காளி மூட்டத்துக்குப் போகவில்லை.

நனைந்த மிளகாயைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வெளுத்தது ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம். எதிரே வந்து குத்தவைத்தான். அவனும் பொறுக்கினான். ஒரு கூடை நிறைந்தது.

"வாயி தவறிருச்சுன்னே இருந்தேன் ஆத்தா."

வெளுத்த ஒன்றை எடுத்து ஒதுக்கிப் போட்டேன்.

"அப்ப நீயும் நெனச்சியா?"

"கோர்ட்டுல சொன்னேன்ல."

"கோர்ட்டுக்குச் சொன்னத விடு. எனக்குச் சொல்லு."

"நெனச்சேன்யா."

தலையாட்டினான். காம்பு கிள்ளினான். பிறகு கேட்டான்:

"இப்ப?"

அவன் கையைத்தான் பார்த்தேன். பழக்கம். நகத்துக்குள் கரி. இல்லை என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருக்கலாம். வாத்தியார் வீட்டம்மாவுக்கு, பால்காரிக்கு, இன்ஸ்பெக்டருக்கு, எத்தனை பேருக்கு எத்தனை சொன்ன வாய். ஊற்றவில்லை என்று கண்ணால் பார்த்தவள் நான். அப்படியும் வரவில்லை. கூடையை நகர்த்தி வைத்தேன்.

"வெயிலு ஏறுது" என்றேன்.

எழுந்து போய்விட்டான். மத்தியானம் சாப்பிட்டான். குழம்பில் உப்பு இல்லை. எனக்குத்தான் தெரிந்தது, அவன் ஒன்றும் சொல்லவில்லை.

பங்குனி 7, வியாழன்

மேகம் இல்லை. காற்று இல்லை.

தர்ஷினி: பள்ளிக்கூட உடுப்பு. 7.40 பஸ். பரீச்சை நுழைவுச் சீட்டு வாங்கி வருவாள்.

காளி: சாம்பல் நிறப் பேன்ட், வெள்ளைச் சட்டை, நேற்றுத் துவைத்தது, காலரில் நீலம் திட்டாக இருக்கிறது. கறுப்புச் செருப்பு, இரண்டு வாரும் நன்றாக இருக்கிறது. இடது மணிக்கட்டில் கோயில் கயிறு. ராக்குவின் போன், சார்ஜரோடு, சட்டைப் பையில். பை இல்லை. 6.10 பஸ். கையெழுத்துப் போடும் நாள் இல்லை. கரிமூட்டம் மேற்கே. இவன் கிழக்கே போனான், பஸ் நிறுத்தத்துக்கு. எங்கேடா என்று கேட்டேன். "வாரேன்" என்றான். எப்போது என்று சொல்லவில்லை.

மிளகாய் ஆறு கூடை தேறும். வெளுத்தது ஒன்றரை.

மணி இப்போது நாலு. பஸ் இரண்டு வந்துபோய்விட்டது. தூக்குவாளி ஆணியில்தான் தொங்குகிறது.